காரின் பெயரில் தேடாதீர்கள், பாகத்தின் எண்ணில் தேடுங்கள்

எம்ஜிபி போன்ற 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரிஜினல் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்), வைப்பர் மோட்டார் தேடுகிறீர்களா? காரின் பெயரைப் போட்டுத் தேடாமல், பழைய பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும் லூகாஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

காரணம், இவற்றைச் செய்தது கார் கம்பெனி அல்ல, லூகாஸ் என்ற மின்பாகக் கம்பெனி. அவர்கள் ஒரே வகைப் பாகத்தைப் பல கார்களுக்குக் கொடுத்தார்கள். ஆரம்பகால எம்ஜிபியில் இருந்த சி40 வகை டைனமோ சாதாரணக் குடும்பக் காரான மோரிஸ் மைனரிலும் உண்டு. 'ஸ்போர்ட்ஸ் கார் பாகம்' என்று சீட்டு ஒட்டியதும் விலை ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் தயாரான வாரமும் வருடமும் இருக்கும். '34 65' என்றால் 1965-ன் 34-வது வாரம். கார் தயாரான தேதிக்குச் சற்று முந்தையதாகப் பார்த்து வாங்கினால் காலமும் பொருந்திவிடும்.

வகைப் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, முழு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லூகாஸின் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் பார்வைக்கு ஒரே மாதிரிதான், ஆனால் தீப்பொறியை எவ்வளவு முன்கூட்டியே கொடுக்கும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் காரில் இருப்பதே யாரோ பிற்பாடு மாற்றியதாக இருந்தால் அந்த எண்ணை நம்பாமல், அந்த வருடத்து பாகப் பட்டியலைப் பாருங்கள். பிரேக் ரப்பருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். பெட்டி பிரிக்காத பழைய சரக்கானாலும் ரப்பர் கெட்டிருக்கும், புதிதாகத் தயாரித்ததையே வாங்குங்கள்.