குளிரில் நொதியைப் பிடிக்கப் போகிறீர்களா? வழுக்கும் இடங்கள் இவை

கோப்பிக் கடையில் ஐஸ் போட்ட ஒரு கோப்பி பெங் வாங்கி மேசைமேல் வைத்துப் பாருங்கள். பேச்சு சூடுபிடிப்பதற்குள் குவளையைச் சுற்றித் தண்ணீர் வழிந்து மேசை நனைந்திருக்கும். சிங்கப்பூர்க் காற்று அப்படி. ஆராய்ச்சியில் என் முதல் 'கண்டுபிடிப்பு'ம் அந்தத் தண்ணீர்தான்.

கைமோட்ரிப்சின் என்ற நொதியை மைனஸ் 40 டிகிரி செல்சியஸில் வைத்து, வினையின் நடுவே தோன்றி மறையும் இடைநிலைப் பொருளைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். ஒளி உறிஞ்சும் அளவு நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. பிடித்துவிட்டேன் என்று நண்பர்களுக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஆய்வகத்து மூத்த அக்கா ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, 700 நானோமீட்டர்ல என்ன காட்டுதுன்னு பாத்தியா?" அங்கேயும் ஏறியிருந்தது. அந்த அலைநீளத்தில் நொதியும் சரி, நான் போட்ட சப்ஸ்ட்ரேட்டும் (நொதி பிடித்து மாற்றும் பொருள்) சரி, ஒளியை உறிஞ்சவே உறிஞ்சாது. கியூவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பி) சுவரில் படிந்த உறைபனிதான் ஒளியைச் சிதறடித்திருக்கிறது.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள். கியூவெட்டைச் சுற்றி உலர்ந்த நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் உறிஞ்சாத ஓர் அலைநீளத்தையும் கூடவே அளக்க வேண்டும். நொதி இல்லாத வெறும் கரைசலையும் அதே குளிரில், அதே நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, குளிருக்கு ஏன் போகிறோம்? நொதிவினையின் பல படிகள் மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுகின்றன. கிளர்வு ஆற்றல் (வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் உள்ள ஒரு படியை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 50-க்கு இறக்கினால் வேகம் ஏறத்தாழ 900 மடங்கு குறையும். 5 மில்லிவிநாடியில் முடிந்தது நாலரை விநாடி நீடிக்கும். சாதாரணக் கருவியிலேயே பார்க்கலாம். 1970-களில் பிரான்சில் பியேர் டூசூவும் அமெரிக்காவில் ஆந்தனி ஃபிங்க்கும் இந்த வழியை வளர்த்தெடுத்தார்கள்.

ஆனால் தண்ணீர் உறைந்துவிடுமே. அதனால் மெத்தனால், எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ போன்றவற்றைப் பாதிக்கு மேல் கலக்கிறோம். இந்தக் கரைப்பான் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. கைமோட்ரிப்சினில் மெத்தனால் தண்ணீரின் வேலையைப் பறித்துக்கொண்டு, இடைநிலையில் நொதியோடு ஒட்டியிருக்கும் சப்ஸ்ட்ரேட்டின் துண்டை, அசைல் தொகுதியை, தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அளப்பது வேறொரு வினையாகிவிடும். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸை ஆய்பவர் எத்தனாலைக் கரைப்பானாக ஊற்றினால் அது அதன் சாப்பாடு. டிஎம்எஸ்ஓ ஊற்றினாலோ அது அந்த நொதியின் வினைமையத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் 0 டிகிரியில் கரைப்பானின் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நொதியின் வேகமும் சப்ஸ்ட்ரேட்டைப் பிடிக்கும் திறனும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். பிறகு தண்ணீரில் நீர்க்கச் செய்து, பழைய செயல்திறன் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் அந்தக் கரைப்பானை விட்டுவிடுங்கள். கலக்கும் முறையும் முக்கியம். மெத்தனாலும் தண்ணீரும் சேரும்போது சூடு கிளம்பும். அறை வெப்பத்தில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் நொதி பாழாகும். குளிர்த்திக்கொண்டே, சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

பி.எச். (அமில-கார அளவு) விஷயத்தில்தான் நல்ல நல்ல ஆட்களும் கோட்டைவிடுகிறார்கள். டிரிஸ் பஃபரை (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) 25 டிகிரியில் 8.0-க்குச் சரிசெய்து 0 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஏறத்தாழ 8.7 ஆகிவிடும்; டிகிரிக்கு 0.028 வீதம் ஏறும். இங்கே ஏசி ஓடும் ஆய்வகம் 21 டிகிரி, வெளியே நடைபாதை 31 டிகிரி. 'அறை வெப்பம்' என்று குறிப்பேட்டில் எழுதுபவர்கள் எந்த அறை என்றும் எழுதினால் நல்லது. பாஸ்பேட் பஃபர் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் மெத்தனால் சேர்ந்தால் அதன் பி.எச். ஏறும். கரைப்பான் இல்லாமல் உறையவைத்தால் இன்னும் மோசம்: சோடியம் பாஸ்பேட்டில் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகப் பிரிந்துபோக, மிச்சமிருப்பதன் பி.எச். 3 அலகு வரை கீழே இறங்கலாம். உலர்பனியில் வைத்த குழாயின் மூடி சரியாக இல்லையென்றால் கரியமில வாயு உள்ளே புகுந்து, உருகும்போது கரைசலைப் புளிக்கவைக்கும். கரைப்பான் கலந்த கரைசலில் மின்முனை காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. நிறம் மாறும் காட்டிகளைக் கொண்டு அதே கலவையில், அதே குளிரில் அளப்பதே பாதுகாப்பு.

இன்னொன்று, குளிரில் கரைசல் பாகுபோல ஆகிவிடும். தண்ணீரில் கரைத்த சப்ஸ்ட்ரேட்டை ஒரு சொட்டு விட்டால் ஐஸ் கச்சாங் மாதிரி அங்கேயே உறைந்து கட்டியாகிவிடும். சப்ஸ்ட்ரேட்டும் அதே கரைப்பானில், அதே குளிரில் இருக்க வேண்டும். வெப்பமானியைக் கியூவெட்டைக் குளிர்விக்கும் தொட்டியில் வைக்காமல் கியூவெட்டுக்குள் வையுங்கள்.

வினையை வேகமாக உறையவைத்து நிறுத்தும் முறையில் வேறு பிரச்சினை. 1961-இல் பிரே காட்டிய இம்முறையில் நொதியும் சப்ஸ்ட்ரேட்டும் கலந்த கரைசலை மைனஸ் 140 டிகிரி வாக்கில் இருக்கும் ஐசோபென்டேன் என்ற திரவத்தில் பீய்ச்சுவார்கள். அதைவிடக் குளிரான திரவ நைட்ரஜன் இருக்கும்போது இதெதற்கு என்று தோன்றும். நைட்ரஜன் தொட்டவுடன் கொதித்து ஒரு வாயுப் போர்வையை உண்டாக்கும். சூடு வெளியேற அது தடை. (மாடிக் கட்டடத்து லிஃப்டில் நைட்ரஜன் குடுவையோடு ஆளும் ஏறக் கூடாது. 1 லிட்டர் சுமார் 700 லிட்டர் வாயுவாகி, மூச்சுக்காற்றை விரட்டிவிடும்.)

நொதியைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் படம்பிடிப்பவர்களுக்கு அந்தக் கதிரே எதிரி. 100 கெல்வினில் வைத்தாலும் கதிர் உதிர்க்கும் எலெக்ட்ரான்கள் இரும்பு போன்ற உலோக மையங்களுக்குப் போய்ச் சேரும். ஆக்சிஜனேற்றம் பெற்ற இடைநிலை என்று நினைத்து அதன் குறைக்கப்பட்ட (எலெக்ட்ரான் பெற்ற) வடிவத்தைப் படம்பிடித்திருப்போம். குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் என்ற நொதியில் 2002-இல் செய்ததுபோல, பல படிகங்களிலிருந்து குறைந்த கதிரளவில் எடுத்த தரவுகளைச் சேர்ப்பது ஒரு வழி. இங்கிருந்து தைவானிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள எக்ஸ்-கதிர் நிலையத்துக்குப் படிகத்தை அனுப்புகிறவர்கள், அந்தக் கதிர் நிலையத்திலேயே நிறமாலையும் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நொதிகள் ஓய்ந்துபோகும் எல்லை 220 கெல்வின், அதாவது மைனஸ் 53 டிகிரி, என்று சொல்லப்படுவதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் படிகம் அதற்குக் கீழே செயலிழக்கிறது என்று 1992-இல் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் 2000-இல் கேட்டலேஸும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் மைனஸ் 100 டிகிரியில்கூட, மிக மெதுவாக என்றாலும், வேலை செய்ததைக் கண்டார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தவறலாம். குளிரில் ஒன்று சேர்கிறது என்பதாலேயே அது வினையின் பாதையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு படிக்கும் கிளர்வு ஆற்றல் வேறு. குளிர்த்தும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் மெதுவாவதில்லை. 25 டிகிரியில் தலைகாட்டாத ஒன்று குளிரில் குவியலாம். பக்கச் சந்தில் போய் மாட்டிக்கொண்ட பயனற்ற வடிவமும் குவியலாம். பிடித்ததை மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். அது விளைபொருளாக மாறுகிறதா? நொதியின் மொத்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் மாறுகிறதா? இந்த இரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை நான் தே தாரிக் வாங்கித் தருவதில்லை.

சைட்டோகுரோம் பி450 என்ற நொதியின் 'காம்பவுண்ட் ஒன்' என்ற இடைநிலையைப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2010-இல் ரிட்டில், கிரீன் இருவரும் அதை உறையவைத்துப் பிடித்தார்கள். சப்ஸ்ட்ரேட்டோடு அது எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்றும் அளந்தார்கள். கைகொடுத்தது இன்னும் கடுமையான குளிர் இல்லை. நொதியை அவர்கள் முன்பைவிடச் சுத்தமாகப் பிரித்தெடுத்திருந்தார்கள்.