ஷெல் ஸ்கிரிப்டில் தோற்ற கட்டளையைக் கடந்துபோகும் தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, திருநெல்வேலியில் நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் ஓர் அரிசி மண்டியின் சர்வரை மாடிக்குத் தூக்கி வைத்தோம். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பச் செருக நான் மறந்துவிட்டேன். மின்சாரம் வந்த நாளின் இரவில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், பேக்கப் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை வழக்கம்போல ஓட்டியது. டிஸ்க்கின் கோப்புறைக்குள் போகச் சொன்ன ‘சிடி’ (cd) கட்டளை தோற்றது. அடுத்த வரியிலிருந்த, கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ (rm), தான் நின்ற ஹோம் கோப்புறையிலேயே ஜிஜிப் (gzip) கொண்டு சுருக்கிய பழைய கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு அதில்தான் இருந்தது.

ஒரு கட்டளை தோற்றால், கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் தானாக நின்றுவிடும் என்று நம்புவதே முதல் தவறு. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது: 0 என்றால் வெற்றி, 1 முதல் 255 வரை தோல்வி, கட்டளையே கிடைக்காவிட்டால் 127. நாம் கேட்காதவரை ஷெல் அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ‘சிடி’க்குப் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடுகளும் ‘எக்சிட் 1’உம், அதாவது ‘தோற்றால் இத்தோடு நிறுத்து’ என்பது, இருந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பியிருக்கும்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் இதைவிட நயவஞ்சகமானது. தரவுத்தளத்தை ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ வழியாக எடுத்து ‘ஜிஜிப்’புக்கு அனுப்பும்போது, கடவுச்சொல் தவறி முதல் கட்டளை தோற்றாலும், கடைசியிலுள்ள ஜிஜிப் வெற்றி பெறுவதால் மொத்த வரிக்கும் 0 தான் கிடைக்கும், கையில் மிஞ்சுவது உள்ளே எதுவுமில்லாத 20 பைட் கோப்பு. பாஷ் (bash) என்ற ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைத் தொடக்கத்திலேயே இயக்கிவிட்டால் இந்தத் தோல்வி வெளியே தெரியும்.

கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தச் சொல்லும் ‘செட் மைனஸ் ஈ’ (set -e) எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஃபங்ஷனை (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பை) ‘இஃப்’ நிபந்தனையில் வைத்து அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் எந்த வரி தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காது. ஒரு மாறியை ஃபங்ஷனுக்குள் மட்டும் உரியதாக ‘லோக்கல்’ என்று அறிவிக்கும் வரியிலேயே ஒரு கட்டளையின் விடையை அந்த மாறியில் வாங்கினாலும், ‘லோக்கல்’ தரும் 0 அந்தக் கட்டளையின் தோல்வியை மறைத்துவிடும். ஆகவே அறிவிப்பு ஒரு வரியிலும் மதிப்பளிப்பு அடுத்த வரியிலும் இருக்க வேண்டும்.

பிழைச்செய்திகளை, வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் ‘டெவ் நல்’லுக்குத் (/dev/null) தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அவற்றை ஒரு பதிவுக்கோப்புக்கு அனுப்பலாம்.

இப்போது நான் எழுதும் எந்த பேக்கப் ஸ்கிரிப்டையும், டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டி, அது 0 அல்லாத எண்ணோடு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கிரானில் சேர்க்கிறேன்.