நான்கு கணுக்களில் ஒரு சோதனைத்தளம்: தொடக்கநிலைச் செய்முறை

சிமுலேட்டரில் உணரிக் கணுக்கள் (சுற்றுப்புறத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும் சிறு கருவிகள்) சொன்ன பேச்சைக் கேட்கும். நிஜ ரேடியோ கேட்காது. கதவை மூடினாலும், பக்கத்தில் வைஃபை இயங்கினாலும் பொதிகள், அதாவது அனுப்பும் தரவுத் துண்டுகள், தொலைந்துபோகும். இதை நேரில் அளப்பதற்காகவே ஹார்வர்டின் மோட்லேப், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திரியா போன்ற சோதனைத்தளங்கள் உருவாயின. அதே வேலையை ஓர் அறைக்குள் சிறிய அளவில் செய்யலாம்.

1. பொருட்கள்

என்ஆர்எஃப்52840 சில்லு (ரேடியோவும் செயலியும் சேர்ந்தது) உள்ள நான்கு பலகைகள், லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய கணினி, யூஎஸ்பி கேபிள்கள், தனி மின்னிணைப்புள்ள ஒரு ஹப். ஹப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்சாரம் தடுமாறினால் கணு தானே மறுதொடக்கமாகும்; பழியோ உங்கள் நிரல்மேல் விழும்.

2. கட்டுப்பாட்டுக்குத் தனிப் பாதை

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். நிரல் ஏற்றுவது, மறுதொடக்கம் செய்வது, பதிவுகளைச் சேகரிப்பது எல்லாம் யூஎஸ்பி வழியாகவே நடக்கட்டும். சோதிக்கப்படும் ரேடியோ வழியாகவே பதிவுகளை அனுப்பினால், அந்தப் போக்குவரத்தும் அளவீட்டோடு கலந்துவிடும். போதாததற்கு, ரேடியோ செத்துப்போனால் ஏன் செத்தது என்று சொல்லவும் வழியிருக்காது.

3. பெயரிடுதல்

லினக்ஸ் தரும் போர்ட் எண்கள் மறுதொடக்கத்துக்குப் பின் இடம் மாறலாம். ஒவ்வொரு பலகையையும் அதன் தயாரிப்பு வரிசை எண்ணால் அடையாளம் காணுங்கள். அதே பெயரைப் பலகைமேல் ஒட்டிவையுங்கள்.

4. நிரல்

சிறு கருவிகளுக்கான இயங்குதளங்களான கான்டிக்கி-என்ஜி அல்லது ரயட் போதும். மூன்று கணுக்கள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரிசை எண்ணிட்ட பொதியை அனுப்பட்டும்; நான்காவது கணு, வந்த எண்ணையும் சிக்னல் வலிமையையும் அச்சிடட்டும். இந்தக் கணுக்களின் ரேடியோ தரநிலையான 802.15.4-இல், சட்டகம் (ஒருமுறை அனுப்பும் தரவுத் தொகுதி) ஒன்றில் தலைப்பும் சேர்த்து 127 பைட்டுகள்தான் அடங்கும்.

5. அலைவரிசையும் திறனும்

2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை பதினாறு அலைவரிசைகள் உண்டு. வைஃபையின் 1, 6, 11 மூன்றிலிருந்தும் 26 விலகி நிற்கிறது. ஆனால் அதன் மைய அதிர்வெண்ணான 2480 மெகாஹெர்ட்ஸில்தான் புளூடூத் லோ எனர்ஜி கருவிகள் தம் இருப்பை அறிவிக்கும் விளம்பர அலைவரிசை ஒன்றும் இருக்கிறது. முழு அமைதி எங்கும் கிடைக்காது.

ஒரே மேசையில் எல்லாக் கணுக்களும் ஒன்றையொன்று கேட்கும். பலதாவல் பாதை (பொதி இடைக் கணுக்கள் வழியே தாவிச் செல்வது) வேண்டுமென்றால் அனுப்பும் திறனைக் குறையுங்கள். இந்தச் சில்லில் மைனஸ் 40 டிபிஎம் (அனுப்பும் திறனின் அலகு) வரை இறங்கலாம். அதுவும் போதாவிட்டால் கணுக்களைத் தள்ளி வையுங்கள்.

6. ஓட்டமும் கணக்கும்

கணுக்களின் கடிகாரங்கள் மெல்ல விலகிச் செல்லும். ஆகவே வரிகளுக்கு நேர முத்திரையைக் கணினியிலேயே இடுங்கள். சேர்ந்த பொதிகளை அனுப்பியவற்றால் வகுத்தால் சேர்ப்பு விகிதம் கிடைக்கும். அனுப்பிய எண்ணிக்கையை அனுப்பும் கணுவின் பதிவிலிருந்தே எடுங்கள். பெறும் கணுவின் பதிவு, கடைசியில் தொலைந்த பொதிகளைக் காட்டாது.

முதலில் அலைவரிசை 26-இல் ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். அடுத்து, வைஃபையின் 6-ஆம் அலைவரிசையில் பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்கியபடியே, அதோடு மோதும் 18-இல் கணுக்களை ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே கணுக்களை நகர்த்த வேண்டாம்.