கூடாரத்தில் குளிராமல் தூங்க

குடும்பத்தோடு முதல்முறை கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா? மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதை முதலில் கவனியுங்கள். உள்ளே நுழைந்து படுக்கும் பையான ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பின் பாரத்தில் நசுங்கிவிடும். உள்ளே காற்று நிற்காது, தரையின் சில்லிப்பு நேராக முதுகில் ஏறும். அதனால் நல்ல மேட் அவசியம். அதில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட நன்றாகக் குளிர் தாங்கும். காற்றடைத்த சாதாரண மெத்தைதான் இருக்கிறதென்றால், அதன் மேல் கனமான கம்பளி ஒன்றை விரித்துவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் 'கம்ஃபர்ட்' வெப்பநிலையை, அதாவது எவ்வளவு குளிர் வரை வசதியாகத் தூங்கலாம் என்ற அளவைப் பாருங்கள். 'லிமிட்' என்பது சமாளிக்கலாம் என்ற அளவுதான், குழந்தைகளுக்கு அதை நம்பவே வேண்டாம். பெரியவர்கள் பேக்கில் பிள்ளை படுத்தால் காலடியில் வெற்றிடம் இருக்கும், சூடேற நேரமாகும். மிச்சமுள்ள காலடிப் பகுதியை மடித்து அடியில் செருகுங்கள். படுக்கும் முன் எல்லோரும் காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள்.