விஎம் ஓடுகிறது, கார்டைக் காணோம்: கியூஇமுவில் பிசிஐ ஸ்லாட்டைச் சரிபார்ப்பது எப்படி?

போன மாதம் கியூஇமு என்ற மென்பொருளில் ஓடும் ஒரு விஎம்முக்கு (மெய்நிகர் கம்ப்யூட்டருக்கு) இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டேன். கட்டளை ஓடியது, விஎம் பூட் ஆனது, உள்ளே போய்ப் பார்த்தால் பழைய கார்டு ஒன்றுதான் நிற்கிறது. டிரைவர் இல்லையோ என்று ஒரு மணி நேரம், கெர்னல் பழசோ என்று இன்னொரு மணி நேரம், நடுவில் ஒரு டீ. கடைசியில் விஎம்மைக் கிளப்பிய டெர்மினலை மேலே தள்ளிப் பார்த்தபோது ஒற்றை வரி எச்சரிக்கை கிடந்தது: ஸ்லாட் 1 இந்த டிவைஸுக்குச் செல்லாது, மேலே உள்ள டிவைஸ் ஸ்லாட் 0-ஐ மட்டும்தான் ஏற்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு எண்ணை மாற்றியதும் கார்டு வந்துவிட்டது.

ஸ்லாட் என்பது கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் ஒரு கார்டு உட்காரும் இடத்தின் எண். அதைத் தப்பாகக் கொடுத்தால் கியூஇமு சில நேரம் முகத்திலடித்த மாதிரி மறுத்துவிடும். சில நேரம் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பும். சில நேரம் வாயே திறக்காது. இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே வரவழைத்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

படி 1: ஒரு சோதனை மெஷின்

இதற்கு டிஸ்க் வேண்டாம், ஐஎஸ்ஓ வேண்டாம், ஓஎஸ்ஸும் வேண்டாம்.

கியூஇமு-சிஸ்டம்-எக்ஸ்86_64 -மெஷின் கியூ35 -நோடிஃபால்ட்ஸ் -டிஸ்பிளே நன் -மானிட்டர் எஸ்டிடிஐஓ -எஸ்

கியூ35 என்பது கியூஇமு போலச் செய்துகாட்டும் மெஷின் வகையின் பெயர். கடைசியில் உள்ள எஸ் பேரெழுத்து. சிபியுவை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கச் சொல்வது அதுதான். சிற்றெழுத்தில் போட்டால் டீபக்கருக்காக 1234-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மெஷின் பாட்டுக்கு ஓடும், இது நான் அடிக்கடி செய்கிற தவறு. நோடிஃபால்ட்ஸ் போடுவதால் கியூஇமு தானாகச் சேர்க்கும் விஜிஏ, நெட்வொர்க் கார்டு எதுவும் வராது. மானிட்டர் பிராம்ப்ட் வந்ததும் "இன்ஃபோ பிசிஐ" என்று அடியுங்கள்.

படி 2: ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பிசிஐ முகவரியில் பஸ், ஸ்லாட், ஃபங்ஷன் என்று மூன்று எண்கள் (முன்னால் டொமைன் என்று ஒன்று உண்டு, நமக்கு அது எப்போதும் 0). பஸ்ஸுக்கு 8 பிட், ஸ்லாட்டுக்கு 5 பிட், ஃபங்ஷனுக்கு 3 பிட். அதனால் ஒரு பஸ்ஸில் 32 ஸ்லாட், 0 முதல் 31 வரை. ஒரு ஸ்லாட்டில் 8 ஃபங்ஷன், 0 முதல் 7 வரை.

காலி மெஷின் என்று நினைத்தோம், ஆனால் பட்டியலில் ஆள் இருக்கிறார்கள். ஸ்லாட் 0-இல் ஹோஸ்ட் பிரிட்ஜ். ஸ்லாட் 31-இல் மூன்று பேர்: ஃபங்ஷன் 0 ஐஎஸ்ஏ பிரிட்ஜ், ஃபங்ஷன் 2 சாட்டா, ஃபங்ஷன் 3 எஸ்எம்பஸ். டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டும் கண்டக்டர் சீட்டும் மாதிரி, இவை இரண்டும் நமக்குக் கிடைக்காது. பழைய "பிசி" வகை மெஷினில் கதை வேறு. அங்கே ஸ்லாட் 0-உம் ஸ்லாட் 1-உம் போய்விடும், 31 காலியாக இருக்கும். ஒரு வகைக்கு எழுதிய கட்டளையை இன்னொரு வகைக்கு அப்படியே ஒட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

படி 3: பத்தா, பதினாறா?

என் கணக்கில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மெஷினை "க்விட்" அடித்து மூடிவிட்டு, அதே கட்டளையின் கடைசியில் இந்த டிவைஸை (ரேண்டம் எண் தரும் மெய்நிகர் கார்டு) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்:

-டிவைஸ் விர்டியோ-ஆர்என்ஜி-பிசிஐ,அட்ர்=10

இப்போது "இன்ஃபோ பிசிஐ" பாருங்கள். டிவைஸ் 10-இல் இருக்காது, 16-இல் இருக்கும். அட்ர் என்று கொடுக்கும் எண்ணைக் கியூஇமு பதினாறடிமானமாகப் (ஹெக்ஸ், 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் முறை) படிக்கிறது. இன்ஃபோ பிசிஐ பத்தடிமானத்தில் காட்டுகிறது. ஸ்லாட் மோதினால் வரும் பிழைச் செய்தியும் பத்தடிமானம். கெஸ்ட்டுக்குள் (விஎம்மில் ஓடும் ஓஎஸ்ஸுக்குள்) பிசிஐ டிவைஸ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ அடித்தால் மறுபடி பதினாறடிமானம். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் எக்ஸ்எம்எல் கோப்பிலோ முன்னால் பூஜ்யமும் எக்ஸும் போட்டால் பதினாறு, போடாவிட்டால் பத்து. யார் இப்படி ஏற்பாடு செய்தார்களோ!

அட்ர்=31 கொடுத்துப் பாருங்கள், உடனே மறுப்பு வரும், ஏனென்றால் பதினாறடிமான 31 என்பது 49, பஸ்ஸில் இருப்பதே 32 இடம். அட்ர்=1எஃப் கொடுத்தாலும் மறுப்புதான், ஆனால் காரணம் வேறு: ஸ்லாட் 31 ஃபங்ஷன் 0 ஏற்கெனவே ஐசிஎச்9-எல்பிசி வசம் இருக்கிறது என்று ஆள் பெயரோடு சொல்லும். இந்த மாதிரிப் பிழைகள் நல்ல பிழைகள். மெஷின் கிளம்பவே கிளம்பாது, நாமும் ஏமாற மாட்டோம்.

படி 4: ரூட் போர்ட்

கியூ35-இல் கார்டுகளை முதன்மை பஸ்ஸில் நேரடியாகச் செருகுவதைவிட, ஒரு ரூட் போர்ட் (பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகும் துளை) வைத்து அதன் பின்னால் செருகுவதே வழக்கம், குறிப்பாக ஓடும்போதே கழற்றி மாட்ட வேண்டும் என்றால். என் கார்டு காணாமல் போனதும் இங்கேதான். அதே தவறை வேண்டுமென்றே செய்வோம், படி 1 கட்டளையின் கடைசியில் இந்த இரண்டையும் சேருங்கள்:

-டிவைஸ் பிசிஐஇ-ரூட்-போர்ட்,ஐடி=ஆர்பி1,பஸ்=பிசிஐஇ.0,சேசிஸ்=1,ஸ்லாட்=1,அட்ர்=5
-டிவைஸ் விர்டியோ-ஆர்என்ஜி-பிசிஐ,பஸ்=ஆர்பி1,அட்ர்=1

முதல் வரியில் ஸ்லாட்=1 என்றும் அட்ர்=5 என்றும் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். ரூட் போர்ட் உட்காரும் பிசிஐ ஸ்லாட் அட்ர்-இல் உள்ள 5. ஸ்லாட்=1 என்பது பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் துளை எண் மாதிரி ஒரு அடையாளம், சேசிஸ் எண்ணோடு சேர்ந்து தனித்திருந்தால் போதும். பெயரைப் பார்த்து இதுதான் பிசிஐ ஸ்லாட் என்று நினைத்து நானும் குழம்பியிருக்கிறேன். இரண்டு ரூட் போர்ட்டுக்கும் சேசிஸ், ஸ்லாட் எதுவும் கொடுக்காமல் விட்டால் இரண்டுக்கும் 0, 0 என்றே வரும், அப்போது சேசிஸ் ஸ்லாட்டைச் சேர்க்க முடியவில்லை, பிழை மைனஸ் 16 என்று நின்றுவிடும். அந்த 16 லினக்ஸில் "இடம் பிஸி" என்பதற்கான எண். இன்னொன்று, ரூட் போர்ட் வரி முதலில் வரவேண்டும். கார்டு வரியை முன்னால் போட்டால் ஆர்பி1 என்ற பஸ்ஸே இல்லை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது வரிதான் தவறு. பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் இரண்டு முனை மட்டும் உள்ள கம்பி, பழைய பிசிஐ போல 32 பேர் பகிர்ந்துகொள்ளும் பஸ் இல்லை. மறுமுனையில் இருப்பது ஒரே டிவைஸ், அதன் எண் 0. பைக்கின் பின்சீட்டு மாதிரி, ஒருவர்தான். அதனால் லினக்ஸ் கெர்னல் ரூட் போர்ட்டுக்குப் பின்னால் ஸ்லாட் 0-ஐ மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், 1-இல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதே இல்லை. (ஏஆர்ஐ என்ற வசதியுள்ள டிவைஸ்கள் விதிவிலக்கு, ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள்.)

மெஷினை ஓட்டினால் அந்த எச்சரிக்கை வரி வரும், ஆனால் மெஷின் கிளம்பிவிடும். இந்தச் சோதனையே 2023-இல்தான் கியூஇமுவுக்குள் வந்தது, அதற்கு முந்தைய பதிப்பு என்றால் அதுவும் கிடையாது. பழைய இ1000 போன்ற எக்ஸ்பிரஸ் அல்லாத கார்டு என்றால் புதிய பதிப்பிலும் வராது.

சரிபார்க்க, மானிட்டரில் "இன்ஃபோ கியூட்ரீ" அடியுங்கள். இங்கே இன்ஃபோ பிசிஐயை நம்பாதீர்கள், ஏனென்றால் சிபியுவை நிறுத்தி வைத்திருக்கிறோம், பஸ்களுக்கு எண் போடும் ஃபர்ம்வேர் இன்னும் ஓடவில்லை. கியூட்ரீயில் ஆர்பி1-க்குக் கீழே தேடி, கார்டின் அட்ர் என்ற வரி 00.0 என்று இருக்கிறதா பாருங்கள். 01.0 என்று இருந்தால் தவறு. கட்டளையில் அட்ர்=0 என்று மாற்றுங்கள், அல்லது அட்ர்-ஐயே எடுத்துவிடுங்கள், அது தானாக 0-க்குப் போகும்.

அப்புறம், "பிசிஐ-பிரிட்ஜ்" என்ற பழைய வகைப் பாலத்தில் ஹாட்பிளக் (ஓடும்போதே கழற்றி மாட்டும்) கன்ட்ரோலர் இயங்கும்போது விதி நேர் எதிர்: அங்கே ஸ்லாட் 0 கூடாது, 1 முதல் 31 வரைதான்.

படி 5: ஃபங்ஷன் 0 இல்லாத வீடு

-டிவைஸ் விர்டியோ-ஆர்என்ஜி-பிசிஐ,அட்ர்=6.1

இதை மட்டும் சேர்த்து ஓட்டுங்கள். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் கெஸ்ட் பூட் ஆகும்போது ஒவ்வொரு ஸ்லாட்டிலும் முதலில் ஃபங்ஷன் 0-ஐத்தான் கூப்பிடும். பதில் இல்லையென்றால் ஸ்லாட்டே காலி என்று நகர்ந்துவிடும், 6.1 அனாதை. நான் சொன்ன வாயே திறக்காத வகை இதுதான்.

சரி, 6.0-இலும் ஒன்றைப் போட்டால்? மல்டிஃபங்ஷன் இல்லாத டிவைஸ் அது என்று இப்போது கியூஇமு சண்டைக்கு வரும். 6.0-இல் இருப்பதற்கு மல்டிஃபங்ஷன்=ஆன் கொடுத்தால் இரண்டும் நிம்மதியாக உட்காரும்.

படி 6: லிப்விர்ட் வழியாக என்றால்

லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷ் பயன்படுத்துபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ரூட் போர்ட்டுக்குப் பின்னால் ஸ்லாட் 1 கொடுத்தால், ஸ்லாட் 0-க்கு மேல் போகக்கூடாது என்று லிப்விர்ட் பிழை காட்டி நிறுத்திவிடும்; ஒரே முகவரியை இருவருக்குக் கொடுத்தால் இரட்டைப் பயன்பாடு என்று அதையும் மறுக்கும். ஆனால் விர்ட்-எக்ஸ்எம்எல்-வேலிடேட் கட்டளை இதையெல்லாம் பார்க்காது. எக்ஸ்எம்எல்லின் வடிவம் சரியா என்பதோடு அதன் வேலை முடிந்தது, ஸ்லாட் மோதலைப் பிடிக்க விர்ஷ் டிஃபைன் வரை போகவேண்டும். என்னைக் கேட்டால், குறிப்பிட்ட காரணம் இல்லாதபோது முகவரி வரியையே எழுதாதீர்கள், லிப்விர்ட் தானாகப் போட்டுக்கொள்ளும்.

படி 7: கெஸ்ட்டுக்குள் ஒரு பார்வை

இப்போது உங்கள் நிஜ விஎம்மை பூட் செய்து, உள்ளே "எல்எஸ்பிசிஐ -டிவி" அடியுங்கள். மரம் மாதிரி கிளைகள் வரும். ஒவ்வொரு ரூட் போர்ட்டின் நுனியிலும் 00.0 என்று கார்டு தொங்கவேண்டும். போர்ட் இருந்து நுனி மொட்டையாக இருந்தால், கார்டு போடாத போர்ட்தானா என்று கட்டளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டிருந்தும் மொட்டை என்றால் படி 4-க்குத் திரும்புங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் நெட்வொர்க் கார்டின் ஸ்லாட்டை மாற்றப் போகிறீர்கள் என்றால் கன்சோல் அணுகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி பல டிஸ்ட்ரோக்களில் கார்டுக்குப் பெயர் வைப்பதே பஸ், ஸ்லாட் எண்களைப் பார்த்துத்தான். இஎன்பி0எஸ்5 என்று இருந்தது இஎன்பி1எஸ்0 ஆகிவிட்டால், பழைய பெயருக்கு எழுதிய ஐபி அமைப்பு எடுபடாது, எஸ்எஸ்எச் அப்படியே தொங்கி நிற்கும். அந்தப் பெயரில் உள்ள எண்கள் பத்தடிமானம்.