குப்பை மனுவின் முதல் வரி புல எண்

அரசு நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருநெல்வேலிக்கு மேற்கே சொந்த ஊருக்கு வந்து உட்கார்ந்த பிறகு, குளத்து மறுகால் ஓடையில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் கோழிக் கழிவு மூட்டைகளைப் பற்றி மூன்று மனுக்கள் எழுதினேன். முதல் அலுவலகம் குளத்தைக் காட்டியது, இரண்டாவது சாலையைக் காட்டியது, மூன்றாவது "ஊராட்சியில் கேளுங்கள்" என்று புறப்பட்ட இடத்துக்கே அனுப்பிவைத்தது. மூன்றிலும் "குளத்துக்குப் பக்கத்தில்" என்றுதான் எழுதியிருந்தேன். வாழ்நாளெல்லாம் எல்லைக்கல் தேடியவன் செய்கிற வேலையா இது?

ஆகவே முதலில் அந்த இடத்தின் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். எண் கிடைத்தால், தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டை நீங்களே பார்க்கலாம். குளம் புறம்போக்கா, ஓடையா, வண்டிப்பாதையா, தனியார் பட்டாவா என்று அதில் இருக்கும். எங்கள் ஓடை ஒரு எண், அதை ஒட்டிய பாதை வேறு எண். மூட்டைகள் கிடந்ததோ இரண்டிலும். நான்காவது மனுவில் இரண்டு எண்களையும் எழுதி, ஒரே தாளில் மூன்று அலுவலகங்களையும் பெறுநராகப் போட்டேன். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடமில்லாமல் போயிற்று.

அடுத்தது படம். குப்பையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அது எந்த ஊர்க் குப்பையாகவும் இருக்கலாம். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோ, கிலோமீட்டர் கல்லோ சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு கிட்டப் போய் ஒரு நீளக் குச்சியால் கிளறுங்கள். ரசீது, கூரியர் உறை, கடைப் பெயர் அச்சிட்ட பை என்று ஏதாவது சிக்கும். தயவுசெய்து கொளுத்தாதீர்கள். தடயமும் போகும், புகைக்குப் பொறுப்பாளியாக நீங்களே நிற்பீர்கள்.

ஊசி, இரத்தக் கறை பட்ட பஞ்சு, மஞ்சள் அல்லது சிவப்புப் பை தெரிந்தால் குச்சியும் வேண்டாம், விலகி நில்லுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவுப் பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். அது தெரிந்தால் தூரத்திலிருந்தே பெரிதாக்கிப் படம் எடுத்து, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே கொடுங்கள். 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட, கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டே, இப்படிக் கொட்டுபவர்கள்மீது குண்டர் சட்டம் பாயும்படி தமிழகத்தில் திருத்தமும் வந்தது. நோயாளிகளின் பெயர் உள்ள தாள் கிடைத்தால் அதிகாரியிடம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்த நோயாளி என்ன பாவம் செய்தார்?

வண்டியை நேரில் பார்த்துவிட்டால் மறிக்கப் போக வேண்டாம். எண், நேரம், எந்தத் திசையில் போனது என்று குறித்துக்கொண்டு 112க்கு அழையுங்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் ஒருமுறை பைக்கில் துரத்திப் போய், முழங்கால் சிராய்ப்போடு திரும்பினார்கள். வண்டி எண்ணை ஒருவனும் பார்த்திருக்கவில்லை.

மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். வீட்டிலிருந்தே சொல்ல முதல்வரின் உதவி மைய எண் 1100 இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு மாநகராட்சியின் 1913. ஒரு மாதம் அசைவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அவர் எழுதிய குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். பொது இடத்தில் உள்ள தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152. நிதி இல்லை என்று உள்ளாட்சி அமைப்பு கைவிரித்தால், அது சாக்கு ஆகாது என்று 1980இலேயே ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நான்காவது மனுவுக்குப் பிறகு எங்கள் ஓடை மூட்டைகளை அள்ளினார்கள். அள்ளிய மறுவாரமே அதே இடத்தில் இரண்டு மூட்டைகள் விழுந்தன. கோழிக்கடைக்காரர்களிடம் பேசினோம். காசு வாங்கிக்கொண்டு ஏற்றிப் போகும் வண்டிக்காரன்தான் வழியிலேயே கொட்டுகிறான் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. அக்டோபர் 2 கிராம சபையில், டிராக்டர் இறங்கும் தடத்தின் குறுக்கே பள்ளம் வெட்டத் தீர்மானம் போட்டோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "என் ஆடுகள் பறந்தா போகும்?" என்று சண்டைக்கு வந்தார். இப்போது பள்ளத்தின் மேல் ஆடும் ஆளும் போகிற அகலத்துக்கு ஒரு கல் பலகை கிடக்கிறது.