முட்டை, உப்பு, ஒரே ஒரு போன்: தானே கண்டுபிடித்துக் கற்கும் ஆன்லைன் வகுப்பை நடத்துவது எப்படி

பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை மோதவிட்டு, அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது. கான்ஸ்ட்ரக்டிவிசத்தின் அடிப்படை இதுதான். பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர்களின் பெயர்களோடு பி.எட். படித்தவர்களுக்கு இது பழக்கமான பாடம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே பாயில் பிள்ளைகளோடு டீச்சரும் உட்கார்ந்திருந்தார். ஆன்லைனில் அது இல்லை. எந்தப் பிள்ளை எங்கே முழிக்கிறது என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கேள்வியைத் தாராளமாக விடலாம். செய்யும் வழியை மட்டும் இறுக்கமாக வகுத்துக் கொடுக்க வேண்டும்.

வடசென்னையில் கடலோரமாக இருக்கும் காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். எனவே எல்லாவற்றையும் நேரலையில் வைக்காதீர்கள். ஒரு பாடத்தை மூன்று நாளாகப் பிரியுங்கள்: முதல் நாள் ஊகம், இரண்டாம் நாள் சோதனை, மூன்றாம் நாள் 40 நிமிட நேரலை. முதல் இரண்டுக்கும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் ஒரு போட்டோவும் போதும். வீடியோ கேட்டால் டேட்டா தீர்ந்துவிடும்.

அடர்த்திப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். "கடல் தண்ணீரில் பச்சை முட்டை மிதக்குமா? ஏன்?" இதுதான் முதல் நாள் கேள்வி. பதில் 1 நிமிடத்துக்குள், உங்களுக்குத் தனியாக வரவேண்டும். குரூப்பில் போடச் சொன்னால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். கடலை ஒட்டி வளரும் பிள்ளைகளில் நிறையப் பேர் "மிதக்கும்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஊகம் பதிவாகியிருப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் சோதனை முடிந்ததும் "எனக்கு முன்னாடியே தெரியும் மிஸ்" என்றாகிவிடும், பிள்ளையின் நினைப்பு அசையாது.

இரண்டாம் நாள், 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியைப் பெரியவர்கள் யாராவது வெட்டித் தரட்டும். 200 மில்லி தண்ணீர் ஊற்றி, முட்டையை மெதுவாக விடச் சொல்லுங்கள். பிறகு தலைதட்டிய டீஸ்பூனால் தூள் உப்பு, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் முழுதாகக் கரையும்வரை கலக்கல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அப்படியென்றால் 200 மில்லிக்கு 7 கிராம், அதாவது 1 ஸ்பூனைவிடச் சற்றுக் கூடுதல். அந்த அளவில் புது முட்டை அடியிலேயே கிடக்கும். 4 முதல் 6 ஸ்பூனுக்குள்தான் எழும்பும். ஊகம் உடையும் இந்த இடம்தான் பாடத்தின் உயிர். சொல்லிக்கொடுத்தால் மறந்துபோகும் ஒன்று இங்கே நிற்கிறது. சோதனை முடிந்ததும் முட்டையைக் கழுவிச் சமைத்துக்கொள்ளலாம்; வீட்டுக்கு நஷ்டமில்லை.

கெடுவதற்கும் வழிகள் உண்டு. பழைய முட்டையில் ஈரம் ஆவியாகிக் காற்றறை பெருத்திருக்கும். அது சீக்கிரமே எழும்பிவிடும். கல் உப்பு போட்டால் கரையாமல் அடியில் தங்கி, ஸ்பூன் கணக்கு பொய்யாகும். எனவே ஸ்பூன் எண்ணிக்கையோடு, உப்பு எந்த வகை, முட்டை என்றைக்கு வாங்கியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விடைகள் வேறுபடுவதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். மூன்றாம் நாள் பேச்சுக்கு அதுதான் சரக்கு.

நேரலையில் 4 பேர் கொண்ட குழுக்கள். ஒருவர் அளவுகளை வாசிக்க, ஒருவர் குறிக்க, ஒருவர் காரணம் சொல்ல, ஒருவர் மறுத்துக் கேட்க வேண்டும். பொறுப்பைப் பிரிக்காவிட்டால் நல்ல சிக்னல் இருக்கும் பிள்ளையே எல்லாம் பேசும். குழுப்பேச்சு 15 நிமிடம் போதும்.

அதன்பிறகு நீங்கள் பேசியே ஆக வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். "பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்" என்று விட்டால் பெரும்பாலும் கிடைப்பது "உப்பு தூக்கிவிடுது" என்ற முடிவு. அது அடர்த்தி ஆகாது. தானே கண்டுபிடித்தது என்பதால் அந்தத் தவறு இன்னும் ஆழமாக வேரூன்றும். கேமரா முன்னால் அதே முட்டையைச் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள். 200 மில்லிக்குப் 10 ஸ்பூனுக்கு மேல் பிடிக்கும் என்பதால் இதை வீட்டுவேலையாகக் கொடுக்காதீர்கள். உப்பே இல்லாமல் மிதக்கிறதே, ஏன்? இப்போது நிறை, பருமன், அடர்த்தி மூன்றையும் பலகையில் எழுதி நேரடியாக விளக்குங்கள். குறைந்த வழிகாட்டுதலோடு கற்பிப்பது புதிதாகக் கற்பவர்களுக்கு ஏன் பலிப்பதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2006இல் வாதிட்டதன் சாரம் இதுதான்: தற்காலிக நினைவில் இடம் குறைவு, அடித்தளம் இல்லாத பிள்ளைக்குத் தேடுவதிலேயே அது நிரம்பிவிடும், கற்க மிச்சம் இருக்காது.

ஆகவே எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். பின்னத்தில் கூட்டல், சமன்பாடு சமன்செய்தல் போன்றவற்றை முதலில் செய்துகாட்டி, பிறகு பயிற்சி கொடுப்பதே மேல். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரங்களிலும் இது பொருந்தாது. உங்கள் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்: 20 பிள்ளைகள், ஆளுக்கு 1 நிமிட வாய்ஸ் நோட், இரண்டு நாள் என்றால் கேட்பதற்கே 40 நிமிடம், பதில் சொல்வது தனி. பதிலே வராவிட்டால் அடுத்த முறை பிள்ளை அனுப்பாது. 20 பேருக்கு மேல் இருந்தால் இன்னொருவர் துணை வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு முட்டையைப் பற்றியே திரும்பக் கேட்காதீர்கள். "மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கடலிலிருந்து உள்ளே வரும் ஃபைபர் படகு அதே பாரத்தோடு தண்ணீரில் கூடுதலாக அமிழுமா, குறைவாக அமிழுமா?" என்று கேளுங்கள். "கூடுதலாக அமிழும், ஆற்றுத் தண்ணீருக்கு அடர்த்தி குறைவு" என்றால் முழு மதிப்பெண். "உப்பு குறைஞ்சிடுச்சு, அதான்" என்று மட்டும் நிறுத்தினால் பாதி மதிப்பெண். அந்தப் பிள்ளையிடம் சர்க்கரைத் தண்ணீர் கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.